மட்டக்களப்பில் குடியேற: பாலத்தின் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

இடமாற்றம் பெற்று வருகிற உத்தியோகத்தர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற விரிவுரையாளர்கள், போதனா வைத்தியசாலைக்கு வருகிற டொக்டர்மார், வெளிநாட்டில் இருபது முப்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்புகிற நம்மவர்கள் என்று எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். “மட்டக்களப்பில் நல்ல ஏரியா எது?”

யாரிடம் கேட்டாலும் “கல்லடி” என்று பதில் வரும். கல்லடி நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பெரிய வாடகைக்கு வீடு எடுத்துவிட்டு, ஆறே மாதத்தில் வேறு வீடு தேடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டில் குறையில்லை, அயலும் நல்ல அயல். அவர்களுடைய நாள் வேறு பக்கம் நடந்தது, வீடு வேறு பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

வசதியான வீடுகள் இங்கே பல ஊர்களிலும் இருக்கின்றன. அதில் உங்களுக்குத் தோதானது எது என்று கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீரைப் புரிந்துகொள்ளுங்கள்

மட்டக்களப்பைக் கொழும்பைப் போல, “நகரம், அதைச் சுற்றிப் புறநகர்” என்று நினைத்து வந்தால் குழப்பம்தான். இங்கே ஊர்களைப் பிரிப்பது தண்ணீர். கிழக்கே கடல். அதற்குச் சமாந்தரமாக நீளமாகக் கிடக்கிறது வாவி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். சூரியன் எழும் பக்கமென்பதால் அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. பழைய நகரமான புளியந்தீவு, பெயரிலேயே இருக்கிறபடி, வாவிக்குள் ஒரு தீவு.

ஆகவே எங்கே போனாலும் ஒரு பாலம் குறுக்கே வரும். புளியந்தீவுக்குள் போகவும் பாலம், நகரத்திலிருந்து கல்லடிப் பக்கம் போகக் கல்லடிப் பாலம், மேற்கே வவுணதீவுப் பக்கம் போக வலையிறவுப் பாலம், தெற்கே கொக்கட்டிச்சோலைக்குப் போக மண்முனைப் பாலம். 1924இல் கட்டிய லேடி மனிங் பாலம்தான் கல்லடியின் பழைய இரும்புப் பாலம். பக்கத்திலேயே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு முன், ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம் மட்டும் போகும். கல்லடியில் இருந்துகொண்டு நகரத்தில் வேலை செய்வது எவ்வளவு பொறுமை வேண்டிய காரியம் என்று அந்தக் காலத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மண்முனையில் 2014 வரை பாலமே இல்லை. படகுப் பாதையில்தான் கடந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வீடு பார்க்கத் தொடங்கும் முன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதிலிருந்துதான் வருகிறது. ஒரு கடதாசி எடுத்து, உங்கள் குடும்பத்தின் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், பிள்ளைக்குப் பின்னேரம் டியூஷன் எங்கே, அம்மாவுக்கு மாதாந்தக் கிளினிக் எங்கே என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் எந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. அந்த இரண்டு நேரமும் கல்லடிப் பாலத்தில் வாகனம் நெருக்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவை அந்த நேரத்தில் கடக்க வேண்டிவந்தால், கடற்கரை வீட்டின் சுகத்தை அனுபவிக்க நேரமே மிஞ்சாது.

இப்போது இடங்கள்

ஊர் ஊராகச் சொல்லப் போகிறேன். இவை என்னுடைய கருத்துகள். ஒவ்வொரு ஊருக்குள்ளும் ஒழுங்கைக்கு ஒழுங்கை வித்தியாசம் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புளியந்தீவு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் கைக்குப் போன கோட்டை இங்கேதான் இருக்கிறது. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், புனித மிக்கேல் கல்லூரியும் இங்கேதான். நடந்தே வாழக்கூடிய இடம் இந்த மாவட்டத்தில் இது ஒன்றுதான் என்று சொல்வேன். பாடசாலை, வங்கி, சந்தை, காந்திப் பூங்கா, கோயில், தேவாலயம் எல்லாம் கால் நடைக்குள். வயதான பெற்றோருடன் வருகிறவர்களுக்கும் வாகனம் ஓட்டாதவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். பின்னேரத்தில் வாவிக் கரையில் அடிக்கும் காற்றுக்கு ஈடில்லை. குறை என்னவென்றால் வாடகைக்கு வருகிற வீடுகள் குறைவு. வருகிற பழைய வீடுகளில் விறாந்தை பெரிதாக இருக்கும், ஆனால் மின்சார வயரிங் பழையதாக இருக்கும். ஏசி பூட்டுகிற எண்ணம் இருந்தால், நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய பிறகு முற்பணம் கொடுங்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோட்டைமுனை, அரசடி, தாண்டவன்வெளி, அதற்கு அப்பால் திருமலை வீதியை ஒட்டிய பகுதிகள். ரயில் நிலையம் இந்தப் பக்கம். மாதத்துக்கு இரண்டு தடவை கொழும்புக்குப் போய்வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி. அதிகாலையில் இறங்கி ஓட்டோவில் சில நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். மாவட்டச் செயலகமும் கோட்டைக்குள்ளிருந்து திராய்மடுவுக்கு வந்துவிட்டதால், அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் இந்தப் பக்கம் இருப்பதே சுலபம். பிரதான வீதிக்கு முகம் பார்த்த வீடுகளைத் தவிர்த்து உள் ஒழுங்கைகளில் தேடுங்கள். இரண்டு ஒழுங்கை உள்ளே போனாலே வாகனச் சத்தம் அடங்கி, குயில் சத்தம் கேட்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்காமல் நேரே கல்லடிக்குப் போவது எனக்கு எப்போதும் வருத்தம்.

கல்லடி. சரி, எல்லோரும் கேட்கிற இடத்துக்கு வருவோம். கல்லடி என்பது ஒரு இடமல்ல. உப்போடை, திருச்செந்தூர், டச்பார், கொஞ்சம் தெற்கே நொச்சிமுனை, நாவற்குடா என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற குடியிருப்புகளை எல்லாம் வெளியார் கல்லடி என்றே சொல்வார்கள். இராமகிருஷ்ண மிஷன், சிவானந்த வித்தியாலயம், சுவாமி விபுலாநந்தரின் சமாதி, அவர் பெயரிலேயே இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று கல்வியும் கலையும் சேர்ந்த சூழல் இங்கே உண்டு. பிள்ளைக்குச் சங்கீதம், நடனம் பழக்க ஆசைப்படுகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல அயல் கிடையாது. நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் கடற்கரையில் நடக்கலாம். பெண்களும் பிள்ளைகளும் தயக்கமின்றி வந்து உட்காருகிற கடற்கரை இது. பௌர்ணமி இரவில் பழைய பாலத்துக்குப் போனால், பாடும் மீனின் சத்தம் கேட்க என்று துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காது வைக்கிறவர்களைப் பார்க்கலாம்.

ஆனால் கல்லடியில் வீடு பார்க்கும்போது, பிரதான வீதிக்குக் கடல் பக்கமா, வாவிப் பக்கமா என்பதை முதலில் கேளுங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்த இடங்கள் இவை. திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்று சாய்ந்தது. டச்பார் பறங்கியர் குடும்பங்கள் பல அன்றோடு அழிந்தன. கல்லடிக்கு வடக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த நாவலடி மக்களில் பலர் திராய்மடுவுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்து, பிறகு அதைத் தளர்த்தினார்கள். இப்போது கடலுக்குக் கிட்டவே மாடி வீடுகள் எழும்பிவிட்டன. அங்கே இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் மாடி வீடாகப் பாருங்கள். வெளியேறும் பாதை எது, உயரமான கட்டடம் எது என்று குடிபோன முதல் வாரத்திலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். கரை அரிப்புக்கு உள்ளாகிற இடத்தில் காணி வாங்க நினைத்தால், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தில் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கள். கடல் பக்க வீட்டில் யன்னல் கம்பி, கேற், ஏசியின் வெளிப்பெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் அடிப்பாகம் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய வீடென்றால் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிச் சீலிங்கில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். நாவற்குடா, நொச்சிமுனைப் பக்கத்தில் வீதிக்கு வாவிப் பக்கமாக உள்ள வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. கடற்கரையும் தூரமில்லை. எனக்கு ஒரு வீடு எடுக்கச் சொன்னால் அங்கேதான் எடுப்பேன்.

காத்தான்குடி, ஆரையம்பதி. நகரத்திலிருந்து தெற்கே ஐந்தாறு கிலோமீற்றர். காத்தான்குடி நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று. நடுவீதியில் பேரீச்ச மரங்கள், இரவிலும் திறந்திருக்கும் கடைகள், தங்கம், துணிமணி, சாப்பாடு என்று உயிரோட்டமான வியாபார ஊர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடும். குடும்பத்தோடு வருகிற முஸ்லிம் வியாபாரிக்கும் உத்தியோகத்தருக்கும் பள்ளிவாசல், மத்ரஸா, உறவுமுறை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் வீட்டோடு முற்றம் வேண்டும், மரம் வேண்டும் என்றால் இங்கே கிடைப்பது கடினம். அதற்கு ஆரையம்பதி, தாழங்குடாப் பக்கம் போக வேண்டும். தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருப்பதால் ஆசிரியக் குடும்பங்கள் இந்தப் பக்கத்தை விரும்புவார்கள்.

நம் மாவட்டத்தில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று குடியிருப்புகள் அடுத்தடுத்து, ஒரு ஒழுங்கை வித்தியாசத்தில் அமைந்திருக்கின்றன. போர்க் காலத்தின் காயமும் அதில் இருக்கிறது. இதைப் புதியவர்களிடம் மறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. நான் மறைக்க விரும்பவில்லை. வேறு சமூகத்தவருக்கு வாடகைக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். நேரே கேட்டு, நேரே பதில் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் மரியாதை. அதேநேரம், மரக்கறியும் மீனும் தயிரும் இரண்டு பக்கத்துச் சந்தையிலும் வாங்கி, கல்யாணத்துக்கும் மரண வீட்டுக்கும் போய்வந்து பழகுகிறவர்கள்தான் இங்கே நன்றாக வாழ்கிறார்கள்.

ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான்: முதல் வருடமாவது வளாகத்துக்குக் கிட்ட இருங்கள். வளாகம் இருக்கிற வந்தாறுமூலை, மட்டக்களப்பு நகரத்திலிருந்து சுமார் 16 கிலோமீற்றர் வடக்கே. தூரம் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் கல்லடியிலிருந்து போனால் பாலம், நகரம், ஏறாவூர்க் கடைத்தெரு என்று மூன்று நெரிசல். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி வந்து சேர்கிறது. மலையகத்தில் வீடுள்ளவர்களுக்கு அது நல்ல வசதி. காணி விசாலமானது, முற்றம் இருக்கும், தண்ணீர் நல்லது, வாடகை நகரத்தைவிடக் குறைவு. நல்ல சாப்பாட்டுக் கடை, பிள்ளைக்கு நீச்சல், சங்கீத வகுப்பு என்று தேடினால் மட்டும் நகரத்துக்கு வரவேண்டியிருக்கும்.

தெற்கே களுவாஞ்சிகுடி தனி நகரம் போலவே. ஆதார வைத்தியசாலை, வங்கிகள், பிரதேச செயலகம் எல்லாம் உண்டு. கல்முனையில் வேலை கிடைத்து மட்டக்களப்பில் உறவுகள் இருக்கிறவர்களுக்கு நடுவில் நல்ல தங்குமிடம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் மட்டக்களப்பில் இருந்து தினமும் போய்வர நினைக்கவே வேண்டாம். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரத்திலேயே பாருங்கள்.

மழைக்காலத்தில் பாருங்கள்

இதில் நான் பட்ட பாடு உண்டு. முதல் தடவை வீடு எடுத்தது ஒரு ஜூலை மாதம். வாவியை ஒட்டிய அழகான வீடு. பின்கதவைத் திறந்தால் தண்ணீரில் தோணி போகும். வீட்டுக்காரர் வெள்ளம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிசம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலையில் விறாந்தையில் கணுக்கால் தண்ணீர். அரிசி மூட்டையையும் பிள்ளையின் புத்தகங்களையும் மேசைக்கு மேலே ஏற்றிவிட்டு, சகோதரி வீட்டுக்குப் போனோம். அந்தப் புத்தகங்களில் பாதியைக் காப்பாற்ற முடியவில்லை.

இங்கே மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி, பெப்ரவரி வரை வாடைக்காற்றோடு வரும். படுவான்கரைக் குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் வாவிக்குத்தான் வரும். வாவியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் வெளியேற வழியின்றி மட்டம் ஏறும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்கு மேல் மழை பெய்யாவிட்டாலும் தண்ணீர் வரலாம். 1978 நவம்பர் 23 சூறாவளியை வயதானவர்கள் இன்னும் நேற்றுப்போல் சொல்வார்கள். 2011 ஜனவரி வெள்ளம் இளையவர்களுக்கும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், ஒழுங்கை முனையில் உள்ள கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: “2011இல் இந்த ஒழுங்கையில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?” “வெள்ளம் வருமா?” என்று கேட்டால் “அப்படியொன்றும் இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். எதுவரைக்கும் என்று கேட்டால் காலைத் தொட்டோ சுவரைத் தொட்டோ காட்டுவார்கள். மதிலின் அடியில் மங்கிய கோடு, கதவு நிலையின் அடியில் உக்கிய மரம், புதிதாகப் பெயின்ற் அடித்த கீழ்ப்பாதி ஆகியவற்றைப் பாருங்கள். வீதியைவிட முற்றம் தாழ்வாக இருந்தால் யோசியுங்கள். வீதியை ஒவ்வொரு தடவை போடும்போதும் உயர்த்துகிறார்கள், வீடு அங்கேயே நிற்கிறது. கிராம சேவகருக்கும் தெரியும். எந்த ஒழுங்கைக் குடும்பங்களுக்கு வெள்ள நிவாரணம் கொடுத்தார் என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

முடிந்தால் முதலில் ஒரு அனெக்ஸ் எடுத்து மூன்று மாதம் இருங்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு மழையாவது வந்தால், பிறகு நீங்களே மற்றவர்களுக்கு இடம் சொல்வீர்கள்.

வெயிலும் இருக்கிறது. மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு வருகிற காற்று என்பதால் அது வறண்டு, சுட்டுக்கொண்டு வரும். மேற்கே சுவர் முழுக்க யன்னல், மரம் ஒன்றும் இல்லை என்றால் அந்த அறையில் பின்னேரம் இருக்க முடியாது. கிழக்கே திறந்த வீட்டுக்கு மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று வரும். மேற்கே ஒரு மாமரமோ வேம்போ நிற்கிற வீடு, ஒரு ஏசிக்குச் சமம். வீடு பார்க்கக் காலையில் போகாமல் பின்னேரம் மூன்று மணிக்குப் போங்கள்.

தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்

நகரத்துக்கும் கரையோர ஊர்களுக்கும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது. அது வருவதற்கு முன் எல்லோரும் கிணற்றை நம்பித்தான் இருந்தார்கள். மணல் நிலம் என்பதால் கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும். அதே காரணத்தால் மலசலகூடக் குழியின் கசிவும் சுலபமாகக் கிணற்றுக்கு வரும். சிறிய காணியில் இரண்டு வீடு, நான்கு குழி என்றிருக்கும் இடத்தில் கிணற்று நீரைக் குளிக்கவும் கழுவவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பில் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். மின்சார பில்லுக்கும் அதே கேள்விதான்.

பாடசாலை: முதலாம் ஆண்டுக்கு முன்யோசனை வேண்டும்

பெரிய வகுப்புப் பிள்ளையென்றால் அதிபரைச் சந்தித்துப் பேசலாம். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை இருக்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் இடம் கிடைத்துவிடும் என்று நம்பி, அதற்காகவே கூடுதல் வாடகை கொடுக்கிறார்கள். அரச பாடசாலை அனுமதியில் அருகில் வசிப்பவர்களுக்குத்தான் பெரிய பங்கு, உண்மை. ஆனால் அங்கே எத்தனை வருடமாக வசிக்கிறீர்கள், வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. போன மாதம் குடிவந்தவருக்கு அதில் புள்ளி மிகக் குறைவு. விண்ணப்பமும் முந்திய வருட நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும். இடமாற்றம் பெற்று வரும் அரச உத்தியோகத்தர்களுக்கு வேறு பிரிவு இருக்கிறது. அதற்கான இடமாற்றக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆகவே பாடசாலையில் இடம் உறுதியான பிறகு வீட்டைத் தேடுங்கள்.

உறுதிப் பத்திரத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

வெளி மாவட்டத்தவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தமிழரோ முஸ்லிமோ, மகளுக்குக் கல்யாணம் பேசும்போது வீட்டை அவள் பெயரில் எழுதிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, நல்ல இடத்தில் விற்பனைக்கு வருகிற வீடுகள் குறைவு. பெண்பிள்ளை இருக்கிற குடும்பம் லேசில் விற்காது. மற்றது, உங்களோடு வாடகை பேசுகிற ஐயா வீட்டின் சொந்தக்காரராக இல்லாமல் இருக்கலாம். உறுதி லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற மகளின் பெயரில் இருக்கும். பெற்றோர் சீவிய உரித்தை, அதாவது தாங்கள் உயிரோடிருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். சீவிய உரித்து இருந்தால் அவர் வாடகைக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் தனக்காகச் செயற்பட மகள் எழுதிக் கொடுத்த அற்றோர்னித் தத்துவம் வேண்டும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல மனிதர்கள் உறுதியின் பிரதியைத் தாமே எடுத்துக் காட்டுவார்கள்.

வாடகையென்றாலும் எழுதிக்கொள்ளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வீட்டுக்காரர்கள் ஆறு மாதம், ஒரு வருட முற்பணத்தை ஒரேயடியாகக் கேட்பது இங்கே வழக்கம். அவ்வளவு காசு கொடுக்கிறபோது, இடையில் போக நேர்ந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் யார் திருத்துவது, சோலை வரி (உள்ளூராட்சிச் சபைக்கான வீட்டு வரி) யார் கட்டுவது என்று மூன்று வசனமாவது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். நகரத்துக்கு வெளியே பல காணிகள் உறுதிக் காணிகள் அல்ல, அரச அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. “எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்” என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்ப்பதற்கு ஒரு சட்டத்தரணியை நீங்களே பிடியுங்கள், விற்கிறவர் காட்டுகிறவர் வேண்டாம். நில அளவையாளரைக் கொண்டு பேர்ச் கணக்கைச் சரிபாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு திரும்புகிறவர்கள், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை எழுதிக் கொடுப்பதைத் தடுக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டு வாங்குங்கள். தம்பி பெயரில், மச்சான் பெயரில் வாங்கிவைத்து உறவே அறுந்துபோன குடும்பங்கள் இங்கே இருக்கின்றன.

மூன்று தடவை போங்கள்

ஒரு வீடு பிடித்துவிட்டது என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று நேரத்தில் போய் நில்லுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, பாடசாலை நெரிசல் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை, ஒழுங்கை விளக்கு எரிகிறதா, நாய்கள் எப்படி, பெண்பிள்ளை தனியே நடந்து வரலாமா என்று தெரியும். ஞாயிறு பின்னேரம் ஒரு தடவை. கல்லடிக் கடற்கரைக்கு அன்று மாவட்டமே வரும், உங்கள் கேற் வாசலில் வாகனம் நிறுத்தப்படுமா என்று அப்போதுதான் தெரியும். கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ பக்கத்தில் இல்லாத வீடு இந்த ஊரில் கிடைக்காது. விடியற்காலை ஒலிபெருக்கி சிலருக்கு ஆறுதல், சிலருக்குத் தூக்கம் கெடும். அமிர்தகழிப் பக்கம் என்றால் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும் மாமாங்கேஸ்வரர் திருவிழா நாட்களில் வீதி முழுக்கச் சனம். நேர்த்திக்கடனோடு தூரத்து ஊர்களிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு அயல் வீடுகளில் தாகசாந்தி கொடுப்பார்கள். அந்த நாட்களில் காரை வெளியே எடுக்க முடியாது என்று கோபப்படுகிறவர் வேறு இடம் பார்ப்பது நல்லது.

சாமான் ஏற்றிக்கொண்டு வர மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், கச்சானும் தொடங்கியிருக்காது. வந்த கிழமையே கிராம சேவகரிடம் போய்க் குடும்ப விபரத்தைப் பதியுங்கள், வாக்காளர் இடாப்புப் படிவத்தை எப்போது தருவார் என்றும் கேட்டு வாருங்கள். இரண்டு பக்கத்து வீட்டுக்கும் நீங்களே முதலில் போங்கள். மழை பிடித்து வாவி ஏறத் தொடங்கினால், இரவு இரண்டு மணிக்கு உங்கள் கேற்றைத் தட்டி எழுப்பப்போவது அவர்கள்தான்.